மன்னருக்குப் பின்குரல் கொடுத்த ஒன்பது ஆண்டுகள்

நீர்ச்சொல் அலுவலகத்தின் திருத்திய கையேடு இந்தச் சித்திரையில் வெளியானது. பழைய கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் 'பின்குரல்' என்றொரு பணியிடம் இருந்தது. புதியதில் அது இல்லை. இப்போது பணியில் இருப்பவர்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, அது என்ன வேலை என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர், நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது போலவா என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அந்த இடத்தில் முதலாவதாகவும் கடைசியாகவும் இருந்தவன் நான். ஆகவே இதை எழுதிவைப்பதும் என் வேலைதான். நினைவை மட்டும் நம்பி எழுதவில்லை. நாட்குறிப்புகள் பக்கத்தில் இருக்கின்றன. தேதிகளை மறைந்த மன்னரின் ஆட்சியாண்டுப்படி தருகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தாமிரபரணி சொல் கேட்கும் ஆறு. அதனிடம் பேசுவதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் சொல்லாளர்கள். நானும் ஒரு சொல்லாளன். பயிற்சி இரண்டு ஆண்டு. அதில் எழுத அதிகம் இல்லை. தொண்டை கட்டாமல் பார்த்துக்கொள்ளவும், பாறையில் வழுக்காமல் நிற்கவும் கற்றுக்கொண்டேன். ஓய்வு நேரத்தில் அலுவலகத்து நீராட்டுப் பதிவேடுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பள்ளத்தாக்கில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் முப்பதாம் நாள் ஆற்றுக்குக் கொண்டுவந்து, பெயர் சொல்லி முதல் முழுக்குப் போடுவார்கள். அந்தப் பெயரை எழுதிவைக்கும் பதிவேடு அது. மற்றவர்கள் அதைத் தூசு தட்டக்கூடத் தொட மாட்டார்கள். எனக்குப் பழைய பெயர்களைப் படிப்பதில் ஆசை.

செய்முறை இதுதான். முழங்கால் அளவு நீரில் இறங்கி நிற்க வேண்டும். மூன்று கை நீர் அள்ளி விட வேண்டும். பிறகு மூன்று செய்திகளை இந்த வரிசையில் சொல்ல வேண்டும்: நான் யார், என்ன கேட்கிறேன், எதுவரைக்கும் கேட்கிறேன். 'நான் யார்' என்பதற்கு முதல் முழுக்கில் வைத்த பெயரைத்தான் சொல்ல வேண்டும். பின்னால் வந்த பெயர், படிப்பு, பதவி எதையும் ஆறு அறியாது. குரல் தொண்டையிலிருந்து நேராக வர வேண்டும். ஒலிபெருக்கியை ஆறு காதில் போட்டுக்கொள்வதில்லை.

சொல்லில் இரண்டு வகை உண்டு. வாய்க்காலுக்கு இத்தனை அடி நீர் விடு என்பது வாய்க்கால் சொல். அதை எந்தச் சொல்லாளரும் சொல்லலாம். பெருகி வரும் ஆற்றைத் திரும்பப் போகச் சொல்வது வெள்ளச்சொல். அதற்கு முடி சூடியவர் வாய் வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும், ஆண்டின் முதல் வாய்க்கால் சொல்லையும் மன்னரே வந்து சொல்வது மரபு. வம்பு அங்கேதான் தொடங்கியது.

எங்கள் தலைமைச் சொல்லாளர் சண்முகத்தம்மாள். அளவுகோல் நட்டிருக்கும் இடத்தில்கூட முதலில் தன் கையை நீரில் விட்டுப் பார்த்து, ஒரு எண் சொல்லி, அதற்குப் பிறகுதான் கோலைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோலைக் கழுவச் சொல்வார். யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அரண்மனையிலிருந்து எந்தக் கிறுக்கு உத்தரவு வந்தாலும், "ஆகட்டும்" என்பார். பிறகு செய்ய வேண்டியதைச் செய்வார். அந்த 'ஆகட்டும்' என்ற சொல்லை அவர் ஆறேழு விதமாகச் சொல்வார். எந்த விதம் என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டு ஆயிற்று.

ஆட்சியாண்டு ஒன்று, ஆனி நான்கு, திங்கட்கிழமை. கார் நெல்லுக்கு நீர் திறக்கும் நாள். புதிய மன்னர் முதன்முறையாக வந்தார். ஜரிகை அங்கி, மயில்பீலி வைத்த முடி. கண்ணாடி பிடிக்க மட்டும் ஓர் ஆள். ஆற்றில் இறங்கினால் அங்கி நனையும் என்று பலகை போடச் சொல்லி அதன்மேல் நின்றார். குடையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் முழங்கால் நீரில் நின்றவன் நான். கட்டியக்காரர் ஒன்பது பட்டங்களைச் சொல்லி முடித்தார். மன்னர் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதே ஒன்பது பட்டங்களையும் தானும் சொல்லி, "தண்ணீரே, வா" என்றார்.

தண்ணீர் வரவில்லை. எங்கே வரும்? பெயர் சொல்லவில்லை, எவ்வளவு என்று சொல்லவில்லை, எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. கரையில் விவசாயிகள் இருமத் தொடங்கினார்கள். மன்னரின் கழுத்து சிவப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அப்போது சண்முகத்தம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

"நெல்லையப்பன், நீங்க கேளுங்க. பைய."

நான் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு என் பெயரைச் சொல்லி, வாய்க்காலுக்கு மூன்றடி நீர் ஆவணி முடியும்வரை வேண்டும் என்று முணுமுணுத்தேன். நீர் திரும்பி வாய்க்காலுக்குள் நுழைந்தது. கரை முழுக்கக் குலவைச் சத்தம். மன்னர் கண்ணாடியை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். "அம்மா, இது சரியா?"

"அவர நாலு பேர் முன்னால நிக்கவச்சு அவமானப்படுத்தி என்ன வரப்போவுது? தண்ணி வரணும்லா."

"அடுத்த தடவ?"

"அடுத்த தடவயும் நீங்கதான் குடை பிடிக்கீங்க."

ஆடி மாதமே அதற்கொரு பணியிடம் உருவாயிற்று. கையேட்டில் 'மன்னருக்குப் பின் நின்று மரியாதைக் குரல் கொடுப்பவர்' என்று எழுதினார்கள். சுருக்கமாகப் பின்குரல்.

நான் அந்த வேலையை நன்றாகச் செய்தேன். இதில் தன்னடக்கத்துக்கு இடமில்லை. உதடு அசையாமல் ஆற்றுக்குக் கேட்கும்படி பேச அலுவலகத்தில் வேறு யாராலும் முடிந்ததில்லை. மன்னர் என்ன கேட்பார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியாது. அவர் சொல்லி முடிப்பதற்குள் அதை ஆற்றுக்குப் புரியும் வாய்க்கால் சொல்லாக மாற்றியாக வேண்டும். மூன்றாம் ஆட்சியாண்டு மாசியில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தபோது, ஆறு மேற்கு நோக்கி ஓடட்டும் என்றார். முழு ஆற்றையும் திருப்ப முடியாது. படித்துறையை ஒட்டிய கால் பங்கு நீரை மட்டும் சற்று நேரம் சுழன்று வரும்படி கேட்டுக்கொண்டேன். விருந்தாளிகள் கைதட்டினார்கள். மன்னருக்கு 'ஆற்றைத் திருப்பியவர்' என்ற பட்டம் கிடைத்தது. ஐந்தாம் ஆண்டு புரட்டாசியில் இடியைப் பார்த்து, "நிறுத்து" என்றார். அது தற்செயலாக நின்றது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'இடியை இடைநிறுத்தியவர்' பத்தொன்பதாவது பட்டம் ஆயிற்று. ஒன்பதாம் ஆண்டில் பட்டங்கள் முப்பத்திரண்டு. சொல்லி முடிக்க நான்கரை நிமிடம். நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

மன்னர் கெட்டவர் இல்லை. இதை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். தன்னால் முடியும் என்று உண்மையிலேயே நம்பினார். நம்பாமல் இருக்க அவரை நாங்கள் ஒரு நாள்கூட விடவில்லை.

இனி அந்த ஐப்பசிக்கு வருகிறேன்.

ஆட்சியாண்டு ஒன்பது, ஐப்பசி பதினேழு, வியாழக்கிழமை. மழை தொடங்கி மூன்றாம் நாள். அப்போது மாஞ்சோலை மலையில் ஆட்கள் இருந்தார்கள். மேகம் எண்ணுபவர்கள் தினமும் மேகக் கணக்கை எழுதி, காலைப் பேருந்தில் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புவார்கள். அன்று வந்த சீட்டில் எண் எதுவும் இல்லை. 'இனி எண்ண முடியாது' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பேருந்துக்குப் பிறகு மலைப்பாதையில் வண்டி ஓடவில்லை.

நானும் சண்முகத்தம்மாளும் கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. படித்துறையில் பதினெட்டுப் படிகள். மேலே மூன்றுதான் தெரிந்தன. படித்துறைக்கு மேலே ஆற்றங்கரைத் தெரு, நாற்பது வீடு. தெருவின் மறுமுனையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வயலும் சாலையும் ஒன்றாகிவிட்டன. அங்கிருந்தவர்கள் எந்தப் பக்கமும் போக முடியாது. அதுவரை உள்ளே வந்தவர்களில் கடைசி நாங்கள்தான், அதுவும் ஒரு டிராக்டரில். முதியவர்களை மாடிகளுக்கு ஏற்றியிருந்தார்கள். மாடி உள்ள வீடுகள் ஆறுதான்.

சண்முகத்தம்மாள் நீரில் கையை விட்டார். "மணிக்கு ஒரு படி ஏறுது" என்றார். கோலைப் பார்க்க முடியவில்லை. அது முழுகிப் பல மணி நேரம் ஆகிவிட்டது. அரண்மனைக்குத் தொலைபேசியில் பேசினார். வெள்ளச்சொல் தேவை, மன்னர் வந்தாக வேண்டும். மறுமுனையில், மகாராஜா உடுத்திக்கொண்டிருக்கிறார் என்றார்கள்.

அந்தத் தெருவில் இசக்கியம்மாள் என்று ஒருவர், அப்பளம் இட்டு விற்பவர். உளுந்து மாவுத் தூக்கைத் தலையில் வைத்தபடி மழையில் நின்றிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி, ராசா வருவாராமா, இல்ல ஆறு வடிஞ்ச பொறவு வந்து வடிய வச்சேன்னு சொல்லுவாராமா?" என்று என்னிடம் கேட்டார்.

"வந்துக்கிட்டிருக்காரு, ஆத்தா."

"வரட்டும். எம் மவன் மாடியில ஆட்டுக்குட்டியோட நிக்கான். ஓட்டு மாடி. பாத்துக்கிடுங்க."

மன்னர் இரண்டே காலுக்கு இராணுவ லாரியில் வந்தார். இயந்திரத்தில் தண்ணீர் ஏறி அது தெருமுனையிலேயே நின்றுபோயிற்று. முடியின் மயில்பீலி நனையாமல் பாலிதீன் உறை போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு படிகளில் மேல் படியில் பலகை போட்டார்கள். கட்டியக்காரர் ஒலிபெருக்கியில் தொடங்கி முப்பத்திரண்டையும் முடித்தார். மன்னரும் முப்பத்திரண்டையும் சொன்னார். அந்த ஒன்பது நிமிடத்தில் கீழ்ப் படி விளிம்புவரை நனைந்துவிட்டது.

"நதியே, பின்வாங்கு" என்றார்.

நான் வழக்கம்போல் அவருக்குப் பின்னால் குடையோடு நின்றேன். வழக்கம்போல் முணுமுணுக்கவும் செய்தேன். பயன் இராது என்று தெரியும். வாய் பழக்கத்தில் பேசியது. ஆறு ஒரு விரல்கூட இறங்கவில்லை.

மன்னர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். பிறகு படைத்தலைவரைப் பார்த்து, "இந்த ஆறு ராஜத்துரோகம் செய்கிறது. குறித்துக்கொள்" என்றார். படைத்தலைவர் குறித்துக்கொண்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் மன்னரைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இரண்டு செய்திகள் தெரியும். ஒன்று, ஆறு ஏன் கேட்கவில்லை என்பது. இரண்டாவது, எந்தப் பெயரைச் சொன்னால் கேட்கும் என்பது. நீராட்டுப் பதிவேட்டில் மன்னரின் பெயர் உள்ள பக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே படித்திருக்கிறேன். அரச குடும்பத்துப் பகுதியில் அடுத்தடுத்து மூன்று வரிகள். முதல் இரண்டு பெயர்கள் நீளமானவை, சிங்கமும் சூரியனும் வருபவை. இரண்டின்மேலும் கோடு கிழித்திருந்தது. மூன்றாவது வரியில் ஒரே சொல்: பிச்சை. பெற்ற குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பையில் ஒருமுறை கிடத்தி எடுத்து, இது யாரோ போட்ட பிச்சை, கண் வைக்க இதில் ஒன்றுமில்லை என்று அப்படிப் பெயரிடுவார்கள். நம் ஊரில் அரண்மனைக்கும் குடிசைக்கும் இதில் வேறுபாடு கிடையாது. ஏழு வயதில் பட்டத்து இளவரசராக்கியபோது, அந்தப் பெயரைச் சொல்பவர்களுக்குத் தண்டனை என்று அரண்மனையில் ஆணை போட்டார்கள். ஆணை அன்றும் நடப்பில் இருந்தது.

சண்முகத்தம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "ஆகட்டும்" என்றார். அதை நான் அதுவரை கேட்டிராத விதத்தில் சொன்னார்.

குடையை மடக்கிவிட்டு மன்னருக்கு முன்னால் வந்து நின்றேன். ஒன்பது ஆண்டில் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

"மகாராஜா, ஒண்ணு சொல்லணும். இவ்வளவு நாளும் ஆறு கேட்டது உங்க சொல்ல இல்ல. பின்னால நின்னு நான் சொன்னத."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. "என்ன உளறுகிறாய்?"

"இந்த வருஷம் கார் நெல்லுக்கு விட்ட தண்ணி, போன வருஷத்துத் தண்ணி, எல்லாம் நாந்தான் கேட்டேன்."

அவர் சண்முகத்தம்மாள் பக்கம் திரும்பினார். மறுப்பார் என்று எதிர்பார்த்தது தெரிந்தது.

"ஆமா, மகாராஜா. மொத நாள் நாந்தான் அவரச் செய்யச் சொன்னேன்" என்றார் அவர்.

"விருந்தாளிகள் வந்தப்ப?"

"அதுவும்தான்" என்றேன்.

"இடி?"

"அது தானா நின்னுது, மகாராஜா."

மழையில் பாலிதீன் உறை படபடத்தது. அரசவைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது. "அப்ப என்னால ஒண்ணுமே ஆவாதா, வே?" என்றார். அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இத உங்களாலதான் ஆவும். வேற யாராலயும் ஆவாது. தண்ணியில எறங்கணும். பட்டம் வேண்டாம். மொத முழுக்குல வச்ச பேரச் சொல்லணும்."

அவர் நான்கு பக்கமும் பார்த்தார். படைத்தலைவர், கட்டியக்காரர், கண்ணாடிக்காரர், தெருவில் நாற்பது வீட்டு மக்கள். "இவ்வளவு பேர் முன்னாலயா?"

"பின்னால இருந்து நான் சொன்னா அதுக்குக் கேக்காது, மகாராஜா."

"எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லு. காதப் பொத்தச் சொல்லு."

கட்டியக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார். படைவீரர்கள் உடனே திரும்பினார்கள். தெருவினர் தயங்கினார்கள். ஏறி வரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்? இசக்கியம்மாள்தான் முதலில் திரும்பினார்.

"வெள்ளத்துக்கு முதுகக் காட்டச் சொல்லுதாரு. திரும்புங்க, அவருக்கு வெக்கமா இருக்காம். யோவ் மகாராசா, காதப் பொத்த எனக்குக் கை இல்ல, தலையில மாவு இருக்கு. சீக்கிரம் சொல்லித் தொலையும்."

மன்னர் முடியைக் கழற்றிக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இழுப்பு அப்படி இருந்தது. மூன்று கை நீர் அள்ளி விட்டார். பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

மறுபடி சொன்னார். ஆற்றின் இரைச்சல் அதை விழுங்கியது. கால் சறுக்கி இரண்டு படி கீழே போனதில் நீர் அவர் மார்புக்கு வந்துவிட்டது.

"மகாராஜா, அக்கரைக்குக் கேக்கணும்."

அப்போதுதான் கத்தினார். அந்தக் குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. "நான் பிச்சை. கரைக்குள்ள போ. தை பிறக்குற வரைக்கும் உள்ளயே கெட."

என்ன கேட்கிறேன், எதுவரைக்கும் என்பதையும் சேர்த்துச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. ஒன்பது ஆண்டு என் முணுமுணுப்பு காதில் விழுந்து தங்கியிருக்க வேண்டும்.

முதலில் இரைச்சல் குறைந்தது. பிறகு மேல் படியில் கோடு போட்டது போல ஈரம் விட்டு நீர் இறங்கியது. நான் எண்ணினேன்: மூன்றே கால் மணிக்கு நான்கு படி, மூன்றரைக்கு ஏழு. மன்னர் நடுங்கிக்கொண்டு ஏறி வந்தார். மக்கள் இன்னும் திரும்பவில்லை. யாரும் திரும்பச் சொல்லவில்லை.

"யாருக்காவது கேட்டுதா?" என்றார் மன்னர்.

"இல்ல மகாராசா" என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. "ஒண்ணும் கேக்கல."

"எனக்குக் கேட்டுது" என்றார் இசக்கியம்மாள். தூக்கைக் கீழே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினார். "நல்லாவே கேட்டுது. அந்தா ஆட்டுக்குட்டியோட நிக்கானே, அவனும் பிச்சதான்."

படைத்தலைவர் ஓர் அடி முன்னால் வந்தார். மன்னர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எத்தனாவது?" என்று கேட்டார்.

"மூணாவது. முன்னால ரெண்டும் தங்கல."

"எனக்கு முன்னாலயும் ரெண்டு" என்றார் மன்னர்.

அந்த அம்மாள் தன் தலையில் சும்மாடாக வைத்திருந்த துண்டை எடுத்து, பிழிந்து, துவட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்.

வேலை போய்விடும் என்றுதான் வீடு திரும்பினேன். ஒன்பது ஆண்டு மன்னரை ஏமாற்றியிருக்கிறேன். அதைப் பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டும் இருக்கிறேன். சண்முகத்தம்மாள் தன் மேசையைக் காலி செய்து வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், ஐப்பசி இருபது, ஞாயிற்றுக்கிழமை, அரண்மனை முத்திரையோடு எனக்கு உத்தரவு வந்தது. மன்னரைப் பட்டங்கள் இன்றி விளித்த குற்றத்துக்காக ஒரு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். ஏமாற்றியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீழே வேறு மையில், சாய்ந்த எழுத்தில், அந்த ஒரு மாதமும் தினமும் காலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. சண்முகத்தம்மாளுக்கு எந்த உத்தரவும் வரவில்லை. மறுநாள் தன் மேசையை மறுபடி நிரப்பினார்.

ஐப்பசி இருபத்தொன்று. நான் ஆற்றுக்குப் போனேன். மன்னர் எனக்கு முன்பே வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நீரில் நின்றார். கண்ணாடிக்காரர் கரையில் இருந்தார். அவரை விட்டுவர மன்னரால் முடியவில்லை போலும். வாய்க்கால் மடைக்கு ஒரு விரல் நீர் கேட்கச் சொன்னேன். மூன்று கை அள்ளி விட்டார். பெயரைச் சொன்னார், கேட்டார், எதுவரைக்கும் என்று சொன்னார். காத்திருந்தோம். மடையின் வாயில் ஒரு சருகு அசைந்தது. பிறகு உள்ளே போயிற்று. அதன் பின்னால் ஒரு விரல் நீர் போயிற்று.

மன்னர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்.